ஹாஸ்பிஸுக்கு நிதி திரட்டும் வீட்டுச் சுற்று: டிக்கெட் வாங்கலாமா, நன்கொடையாகவே கொடுத்துவிடலாமா?

வைகறை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதியில் இறுதிக்கால நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஹாஸ்பிஸ் ஒன்று இருக்கிறது. அதன் செலவுக்காக ஆண்டுக்கொரு முறை ‘வீட்டுச் சுற்று’ நடத்துகிறார்கள். அக்கம்பக்கத்தில் உள்ள சில குடும்பங்கள் ஒரு நாள் மட்டும் தங்கள் வீட்டைத் திறந்துவிடுகின்றன. டிக்கெட் வாங்கியவர்கள் ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்க்கலாம். வசூலாகும் பணம் ஹாஸ்பிஸுக்குப் போகும் என்கிறார்கள்.

நானும் தங்கையும் அம்மாவை அழைத்துக்கொண்டு போக நினைக்கிறோம். டிக்கெட் வாங்குவதற்கு முன் சில விஷயங்கள் உறுத்துகின்றன. முன்பதிவு செய்தால் விலை குறைவு. ஆனால் எந்தக் காரணத்துக்காகவும் பணம் திரும்பக் கிடைக்காது என்று எழுதியிருக்கிறார்கள். எந்தெந்த வீடுகள் என்ற முகவரி அறிவிப்பில் எங்கேயும் இல்லை. அம்மாவுக்கு மூட்டுவலி, மாடிப்படி ஏற முடியாது. எல்லா வீட்டிலும் படி இருந்தால் அவருக்கு வாங்கும் டிக்கெட் வீண்தானே? எல்லாவற்றுக்கும் மேலாக, நான் கொடுக்கும் பணத்தில் எவ்வளவு உண்மையிலேயே நோயாளிகளைப் போய்ச் சேருகிறது?

இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளுக்குப் போனவர்கள், நடத்தியவர்கள் யாராவது இருந்தால் விரிவாகச் சொல்லுங்கள்.

---

தாழ்வாரம் எழுதியது:

வைகறை, எங்கள் ஊர் ஹாஸ்பிஸின் வீட்டுச் சுற்றுக் குழுவில் சில ஆண்டுகளாக இருக்கிறேன். முதலில் முகவரி. முகவரியை முன்கூட்டியே வெளியிடாமல் இருப்பதுதான் நல்ல ஏற்பாட்டுக்கு அடையாளம். ‘இந்தத் தேதியில், இந்த வீட்டின் எல்லா அறைகளும் திறந்திருக்கும்’ என்று ஊருக்கே அறிவித்தால், வீட்டைத் தர முன்வந்தவர்களின் பாதுகாப்பு என்னாவது? அதனால் டிக்கெட் வாங்கியவர்களுக்கு மட்டும் வரைபடமும் வீடுகளைப் பற்றிய குறிப்பும் அடங்கிய சிறு கையேடு தரப்படும். பெரும்பாலான இடங்களில் அந்தக் கையேடுதான் டிக்கெட். சில இடங்களில் நிகழ்ச்சி நாளன்று ஒரு பொது இடத்தில் டிக்கெட்டைக் காட்டிக் கையேட்டையும் கைப்பட்டையையும் பெற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். அதை இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அன்று காலை அலைய வேண்டாம்.

இரண்டாவது, பணம் திரும்பக் கிடைக்காத விதி. இது கறாராகத் தெரியலாம். ஆனால் நாங்கள் எத்தனை டிக்கெட் விற்றிருக்கிறது என்று பார்த்துத்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறோம்: ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை தன்னார்வலர்கள் நிற்க வேண்டும், வாகனங்களை எங்கே நிறுத்தச் சொல்வது, கையேடு எத்தனை அச்சடிப்பது, ஒரே நேரத்தில் ஒரு வீட்டுக்குள் எத்தனை பேரை விடலாம் என்பது வரை. மழை பெய்தாலும் சுற்று நடக்கும். அன்று வானம் இருண்டதும் பாதிப் பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டால் ஹாஸ்பிஸின் கையில் அச்சுக்கூலி ரசீது மட்டுமே மிஞ்சும். அதனால்தான் முன்பதிவுக்கு விலையைக் குறைத்து, அன்றைக்கு வந்து வாங்குபவர்களுக்குக் கூட்டி வைக்கிறோம். கடைசி வாரம் வரை விற்பனை மந்தமாக இருந்தால் குழுவில் யாருக்கும் தூக்கம் வராது. வாங்குவது என்று முடிவு செய்துவிட்டால் தயவுசெய்து முதல் வாரத்திலேயே வாங்குங்கள். அந்த ஒரு செயலே எங்களுக்குப் பெரிய உதவி.

உங்களால் போக முடியாமல் போனால் டிக்கெட்டை வேறொருவருக்குக் கொடுக்கலாமா என்று கேளுங்கள். பணம் திருப்பித் தராத பல இடங்களில் பெயர் மாற்றத்துக்குத் தடை இருக்காது.

---

நேர்கோடு எழுதியது:

நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன், யாரும் வருத்தப்பட வேண்டாம். ஹாஸ்பிஸுக்கு உதவ வேண்டுமென்றால் அந்தப் பணத்தை நேராக அவர்கள் கணக்கில் செலுத்திவிடுவதுதான் முறை. டிக்கெட் அச்சடிக்க, விளம்பரப் பலகை வைக்க, வாகனம் ஏற்பாடு செய்ய, காப்பீடு எடுக்க என்று எவ்வளவு செலவு! இணையத்தில் வாங்கினால் டிக்கெட் தளத்துக்கு ஒரு கட்டணம், பணப் பரிமாற்றத்துக்கு இன்னொரு கட்டணம். இத்தனையும் கழிந்த பிறகு மிச்சம்தான் நோயாளிக்கு.

இன்னொன்றும் மனத்தில் இருக்கிறது. ஒரு பக்கம், வலியோடு படுக்கையில் கிடக்கும் மனிதர்கள். இன்னொரு பக்கம், வசதியானவர்களின் சமையலறையையும் படுக்கையறையையும் வியந்து பார்க்கும் கூட்டம். இரண்டையும் ஒரே டிக்கெட்டில் கட்டிப்போடுவது எனக்கு ஒப்பவில்லை. உதவி என்பது உதவியாகவே இருக்கட்டும். அதற்குப் பொழுதுபோக்கு என்ற கைலஞ்சம் எதற்கு?

---

கணக்கர் எழுதியது:

நேர்கோடு எழுப்பியிருக்கும் செலவுக் கேள்வி நியாயமானது. ஓர் அறக்கட்டளையின் பொருளாளராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ‘வசூல் முழுவதும் நோயாளிகளுக்கே’ என்ற வாசகத்தை மட்டும் படித்து நம்பிவிடாதீர்கள். வசூல் வேறு, செலவு போக நிற்கும் நிகரத் தொகை வேறு. ஏற்பாட்டாளர்களிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். சென்ற ஆண்டு செலவு போக எவ்வளவு நின்றது? அச்சு, காப்பீடு, விளம்பரம் ஆகியவற்றின் செலவை யாராவது ஆதரவாளர் ஏற்றிருக்கிறாரா, அல்லது டிக்கெட் பணத்திலிருந்து போகிறதா? கிடைக்கும் பணம் ஹாஸ்பிஸின் பொது நிதிக்குப் போகிறதா, குறிப்பிட்ட ஒரு பணிக்கு ஒதுக்கப்படுகிறதா? ஒழுங்காக நடத்துகிறவர்கள் இந்தக் கேள்விகளால் முகம் சுளிக்க மாட்டார்கள். பதில் சொல்ல ஆர்வமாகவே இருப்பார்கள்.

வீட்டுச் சுற்றுக்கு ஒரு தனி வலிமை உண்டு. மண்டப வாடகை கிடையாது. விருந்துச் செலவு கிடையாது. இடத்தை வீட்டுக்காரர்கள் இலவசமாகத் தருகிறார்கள், உழைப்பைத் தன்னார்வலர்கள் தருகிறார்கள். ஊர்க் கடைக்காரர்கள் கையேட்டில் விளம்பரம் கொடுத்தால் அச்சுச் செலவு அதிலேயே அடங்கிவிடும். நட்சத்திர விடுதியில் நடக்கும் நிதி திரட்டும் இரவு விருந்தோடு ஒப்பிட்டால் இதில் செலவு விகிதம் மிகவும் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த விருந்துகளை எதிர்த்து நேர்கோடு எழுதியிருந்தால் நானும் கையெழுத்திட்டிருப்பேன்.

வரிவிலக்கை எதிர்பார்த்து டிக்கெட் வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. டிக்கெட் என்பது முழுக்க நன்கொடை ஆகாது. பணத்துக்கு ஈடாக நீங்கள் ஓர் அனுபவத்தைப் பெறுகிறீர்கள். எடுத்துக்காட்டாக, அமெரிக்காவில் அந்த அனுபவத்தின் நியாயமான சந்தை மதிப்பைக் கழித்து, அதற்கு மேல் கொடுத்த தொகையைத்தான் நன்கொடையாகக் காட்ட முடியும். 75 டாலருக்கு மேற்பட்ட இப்படிப்பட்ட கட்டணத்துக்கு, அந்த மதிப்பை எழுத்தில் தெரிவிக்கும் கடமை நிறுவனத்துக்கு உண்டு. குலுக்கல் சீட்டுக்கு அங்கே எந்த விலக்கும் இல்லை. மற்ற நாடுகளின் விதிகள் வேறுபடும். ஆனாலும் ‘டிக்கெட் ரசீதே நன்கொடை ரசீது’ என்று எங்கேயும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க மனம் இருந்தால் அதைத் தனித் தொகையாகச் செலுத்தித் தனி ரசீது வாங்குங்கள். நிறுவனத்தின் கணக்கும் உங்கள் கணக்கும் சுத்தமாக இருக்கும்.

இணையக் கட்டணம் பற்றி: பல பதிவுப் பக்கங்களில் ‘கட்டணத்தையும் நானே ஏற்கிறேன்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் டிக்கெட் விலை முழுவதும் ஹாஸ்பிஸுக்குப் போகும். அலுவலகத்தில் நேரில் வாங்கினால் பெரும்பாலும் அந்தக் கட்டணமே இருக்காது.

---

இரவுப்பணி எழுதியது:

நான் ஹாஸ்பிஸ் செவிலியர். வீடுகளுக்குப் போய்ப் பார்க்கும் பிரிவில் வேலை. இந்தப் பணம் எதற்கு என்று யாரும் இன்னும் எழுதவில்லையே என்பதால் எழுதுகிறேன்.

ஹாஸ்பிஸ் என்றதும் ஒரு கட்டடத்தை நினைக்கிறோம். பல இடங்களில் பணியின் பெரும்பகுதி நோயாளியின் சொந்த வீட்டில்தான் நடக்கிறது. நவீன ஹாஸ்பிஸ் இயக்கத்தைத் தொடங்கிவைத்த சிசிலி சாண்டர்ஸ் 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் திறந்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில், 1969இல், அங்கிருந்து வீடு தேடிச் செல்லும் சேவையும் தொடங்கிவிட்டது. அவர் செவிலியராக இருந்து, பிறகு மருத்துவமனைச் சமூகப் பணியாளராகி, அதன் பிறகு மருத்துவம் படித்தவர். நோயாளியின் வலி உடலில் மட்டும் இல்லை. மனத்திலும், உறவுகளிலும், பணக் கவலையிலும், வாழ்வின் பொருள் பற்றிய தவிப்பிலும் இருக்கிறது என்று சொன்னவர். அதை அவர் ‘முழு வலி’ என்றார். நாங்கள் இன்றும் வேலை செய்வது அந்தப் பாடத்தை வைத்துத்தான்.

நள்ளிரவில் தொலைபேசி அடிக்கும். அப்பாவுக்கு மூச்சு இழுக்கிறது, என்ன செய்வது என்று மகள் கேட்பாள். மார்ஃபின் அளவைச் சரிபார்த்து, தலையணையை உயர்த்தி, அந்த மகளுக்கு அடுத்து என்ன நடக்கும் என்று பதற்றமில்லாமல் சொல்லி, விடியும்வரை பக்கத்தில் இருப்போம். மருந்துக்கும் வருகைக்கும் அரசோ காப்பீடோ ஓரளவு பணம் தரலாம். விடியும்வரை இருந்ததற்கு யார் பணம் தருவார்கள்? நோயாளி இறந்த பிறகு குடும்பத்தினரின் துக்கத்துக்குத் துணை நிற்கும் ஆலோசகரின் சம்பளம்? தன்னார்வலர்களுக்கான பயிற்சி? அந்த இடைவெளியை அடைப்பது இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளின் பணம்தான். ஹாஸ்பிஸ் இயக்கம் பிறந்த இங்கிலாந்திலேயே பெரியவர்களுக்கான ஹாஸ்பிஸ்களுக்கு அரசிடமிருந்து வருவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மீதியை அவர்கள் மக்களிடம்தான் திரட்டுகிறார்கள்.

உலக அளவில் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 5.68 கோடிப் பேருக்கு நோய்த்தணிப்புப் பராமரிப்பு தேவைப்படுகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. கிடைப்பது அவர்களில் 14 விழுக்காட்டினருக்கு மட்டுமே. ஒரு பகுதியில் ஹாஸ்பிஸ் இருக்கிறது என்பதே அங்குள்ளவர்களுக்குக் கிடைத்த கொடை. அது மூடப்படாமல் இருக்க வேண்டும்.

நேர்கோடு, நேரடியாகக் கொடுக்கும் நன்கொடை எங்களுக்கு மிகவும் பிடித்தமானது. தயவுசெய்து கொடுங்கள். ஆனால் நிகழ்ச்சிக்கு வருகிறவர்களில் பலர் எங்கள் பெயரையே அன்றுதான் கேள்விப்படுகிறார்கள். குடும்பங்கள் எங்களை மிகத் தாமதமாக, கடைசி ஓரிரு நாட்களில் அழைப்பதுதான் எங்கள் பெரிய வேதனை. முன்பே அழைத்திருந்தால் எவ்வளவு வலியைக் குறைத்திருக்கலாம்! வீடு பார்க்க வந்த இடத்தில் ஒரு தன்னார்வலரோடு பேசி, எங்கள் தொலைபேசி எண்ணை வாங்கிப் போன பெண் ஒருவர், சில மாதங்கள் கழித்துத் தன் தாய்க்காக அழைத்தார். நேரத்தோடு அழைத்தார். அந்தத் தாய் வலியில்லாமல் போனார்.

---

நேர்கோடு எழுதியது:

இரவுப்பணி, நீங்கள் செய்யும் வேலைக்கு முன்னால் நான் விவாதம் செய்ய விரும்பவில்லை. தாமதமாக அழைப்பது பற்றிச் சொன்னது எனக்குப் புதிய செய்தி. ஆனால் என் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது. பிறர் வீட்டுக்குள் புகுந்து அழகு பார்ப்பதில் அந்த நோயாளிக்கு என்ன மரியாதை இருக்கிறது? வீட்டைத் திறந்துவிடுகிறவர்களும் தங்கள் வசதியைக் காட்டிக்கொள்ளத்தானே செய்கிறார்கள்?

---

திறந்தகதவு எழுதியது:

இந்தக் கேள்விக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். ஒரு வீட்டுச் சுற்றில் என் வீட்டைத் திறந்துவிட்டவள் நான்.

என் வீடு மாளிகை இல்லை. பழைய வீடு. என் கணவர் தன் கையாலேயே பலகை இழைத்துப் புத்தக அலமாரி செய்தார். பின்பக்கம் ஒரு சிறு தோட்டம் போட்டார். அவருடைய கடைசி மாதங்களில் கூடத்தில்தான் கட்டில் போட்டிருந்தோம். ஹாஸ்பிஸ் செவிலியர்கள் அந்தக் கதவு வழியாகத்தான் வந்தார்கள், எந்த நேரமானாலும். அவர் போன பிறகு அவர்களுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. பெரிய தொகை கொடுக்க எனக்கு வசதி இல்லை. வீட்டைக் கேட்டார்கள், கொடுத்தேன். என்னால் கொடுக்க முடிந்த பெரிய பொருள் அதுதான்.

ஐயா, வசதியைக் காட்டுவதற்காகத் திறப்பவர்கள் இருக்கலாம். யார் மனத்தில் என்ன என்று எனக்குத் தெரியாது. ஆனால் வீட்டை ஊருக்குத் திறந்துவிடுவதற்கு முன் எவ்வளவு வேலை தெரியுமா? நகை, மருந்து, கடிதம், வங்கித் தாள்கள் எல்லாவற்றையும் ஓர் அறையில் வைத்துப் பூட்ட வேண்டும். குடும்பப் படங்களில் எதை வைப்பது, எதை எடுப்பது என்று யோசிக்க வேண்டும். நிகழ்ச்சிக்கான காப்பீட்டில் உங்கள் வீடும் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். ஒவ்வொரு அறைக்கும் ஒரு தன்னார்வலர் நிற்பார் என்று உறுதி தந்தார்கள், நின்றார்கள். அன்று முழுவதும் நான் வீட்டில் இருக்க வேண்டாம், மனம் சஞ்சலப்படும் என்று குழுவினர் சொன்னார்கள். நான் இருந்தேன். கட்டில் போட்டிருந்த இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வந்தவர்களில் சிலர் அலமாரியைத் தடவிப் பார்த்தார்கள். யார் செய்தது என்று கேட்டார்கள், சொன்னேன். ஒரு வயதானவர் தன் மனைவியும் அதே ஹாஸ்பிஸின் பராமரிப்பில்தான் இருந்தார் என்று சொல்லி என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் வெகுநேரம் பேசினோம். வரிசையில் பின்னால் நின்றவர்கள் அவரை அவசரப்படுத்தவில்லை.

பிறர் வீட்டுக்குள் புகுவது என்கிறீர்கள். ஒரு கைலஞ்சமும் வாங்காமல் என் வீட்டுக்குள் வந்து, என் கணவரின் உடம்பைத் துடைத்து, அவர் வாயில் தண்ணீர் தொட்டு வைத்தவர்கள் அவர்கள். அவர்களுக்காக நூறு பேர் வந்து என் வீட்டைப் பார்த்தால் எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

---

பழஞ்சுவடி எழுதியது:

திறந்தகதவு அவர்களின் பதிவுக்குப் பின் எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் வரலாற்றில் ஒரு செய்தி இந்த விவாதத்தோடு நேரடியாகத் தொடர்புடையது.

தனியார் இடத்தைத் திறந்துவிட்டு, வருகிறவர்களிடம் சிறு தொகை வாங்கி, வீடு தேடிச் செல்லும் செவிலியர்களுக்குக் கொடுப்பது புதிய யோசனை இல்லை. இங்கிலாந்தில் 1859இல் வில்லியம் ராத்போன் என்ற வணிகர், தன் மனைவியின் கடைசி நாட்களில் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொண்ட செவிலியரையே லிவர்பூல் ஏழைகளின் வீடுகளுக்கும் அனுப்ப ஏற்பாடு செய்தார். அங்கே வட்டாரச் செவிலியர் முறை வளர்ந்தது அதிலிருந்துதான். பிற்காலத்தில் அந்தச் செவிலியர்களுக்கு நிதி திரட்டும் வழியைத் தேடியபோது, குழுவில் இருந்த எல்சி வாக் என்ற பெண்மணி, தோட்டம் வைத்திருப்பவர்கள் அவற்றைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடலாமே என்றார். 1927இல் 609 தோட்டங்கள் திறக்கப்பட்டன. ஆளுக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். அந்தத் தோட்டத் திட்டம் இன்றும் நடக்கிறது. அதன் நன்கொடையைப் பெறுபவற்றில் ஹாஸ்பிஸ் அமைப்புகளும் உண்டு.

ராத்போன் செய்ததும் திறந்தகதவு செய்ததும் ஒரே காரியமாகவே எனக்குத் தோன்றுகிறது. தன் வீட்டில் ஒரு செவிலியர் செய்ததைக் கண்ணால் பார்த்தவர், அடுத்த வீட்டுக்கும் அது கிடைக்க வேண்டும் என்று நினைக்கிறார்.

---

வைகறை எழுதியது:

இத்தனை பேர் இவ்வளவு அக்கறையோடு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. திறந்தகதவு அம்மா, உங்கள் பதிவை என் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

இன்னொரு சந்தேகம். சமூக வலைத்தளத்தில் ஒருவர் இதே சுற்றின் டிக்கெட் தன்னிடம் கூடுதலாக இருப்பதாகவும், குறைந்த விலைக்குத் தருவதாகவும் போட்டிருக்கிறார். வாங்கலாமா? அம்மாவின் படிப் பிரச்சினைக்கும் யாராவது வழி சொல்லுங்கள்.

---

தாழ்வாரம் எழுதியது:

அவசரப்பட்டு வாங்க வேண்டாம். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் பொது நிகழ்ச்சி எதற்கு டிக்கெட் விற்றாலும் போலிப் பதிவுகள் முளைத்துவிடுகின்றன. ஒரே க்யூஆர் குறியீட்டைப் பலருக்கு அனுப்பிவிடுவார்கள். முதலில் வருபவருக்கு மட்டும் கதவு திறக்கும். மற்றவர்கள் முதல் வீட்டு வாசலிலேயே திகைத்து நிற்பார்கள். அவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டிய தன்னார்வலரின் நிலைமை இன்னும் மோசம். ஹாஸ்பிஸின் சொந்த இணையதளம், அவர்களுடைய அலுவலகம், அவர்கள் பெயர் சொல்லி அறிவித்த கடைகள் ஆகியவற்றில் மட்டும் வாங்குங்கள். தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். யாரோ அனுப்பிய இணைப்பைத் தொட்டுப் போக வேண்டாம்.

அந்த மனிதருக்கு உண்மையிலேயே டிக்கெட் மிஞ்சியிருந்தால், ஹாஸ்பிஸ் அலுவலகத்துக்குப் பேசிப் பெயரை மாற்றித் தரச் சொல்லுங்கள். நேர்மையானவர் உடனே செய்வார்.

டிக்கெட் வாங்கும்போதே நிபந்தனைகளையும் படித்துவிடுங்கள். படம் எடுக்கக் கூடாது என்பது ஏறக்குறைய எல்லா இடங்களிலும் உண்டு. காலணியைக் கழற்றச் சொல்வார்கள், அல்லது மேலுறை தருவார்கள். பெரிய பை, குழந்தை வண்டி, குடிக்கும் பானம் உள்ளே அனுமதி இல்லை. சிறு குழந்தைகளுக்கு வயது வரம்பு இருக்கலாம். வீட்டுக் கழிப்பறையைப் பயன்படுத்த முடியாது. பொதுக் கழிப்பறை எங்கே என்பது கையேட்டில் இருக்கும். அம்மாவை அழைத்துப் போகிறீர்கள் என்பதால் இதை முதலிலேயே பார்த்து வையுங்கள். கையேட்டில் வீடுகளுக்கு எண் போட்டிருந்தாலும் அந்த வரிசையில்தான் போக வேண்டும் என்று பெரும்பாலும் கட்டாயம் இருக்காது. எல்லோரும் முதல் எண்ணிலிருந்து தொடங்குவதால் காலையில் அங்கேதான் நெரிசல். நீங்கள் கடைசி எண்ணிலிருந்து தொடங்குங்கள்.

---

சக்கரம் எழுதியது:

படியைப் பற்றி நான் சொல்கிறேன், நான் சக்கர நாற்காலியில் போகிறவன். ‘சில வீடுகளில் படிகள் உண்டு’ என்ற பொத்தாம்பொதுவான வரியை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். அலுவலகத்துக்குப் பேசி, வீடு வீடாகக் கேளுங்கள்: வாசலில் எத்தனை படி, கைப்பிடி இருக்கிறதா, தரைத்தளத்தில் மட்டும் எவ்வளவு பார்க்க முடியும், வாகனம் வாசல்வரை வருமா, உட்கார நாற்காலி கிடைக்குமா. முகவரியைச் சொல்லாமலேயே இத்தனைக்கும் அவர்களால் பதில் சொல்ல முடியும். எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். நிறுத்துமிடத்திலிருந்து அழைத்துப் போகும் வண்டியில் ஏறுவதற்கே உயரமான படி இருக்கலாம். அதையும் விட்டுவிடாதீர்கள்.

துணைக்கு வருபவருக்கு டிக்கெட் வேண்டுமா என்றும் கேளுங்கள். சில இடங்களில் நோயாளிக்கோ மாற்றுத்திறனாளிக்கோ துணையாக வருபவரை இலவசமாக அனுமதிக்கிறார்கள்.

ஏற்பாட்டாளர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். படிக்கட்டு விவரத்தை அறிவிப்பிலேயே வீட்டு எண்ணோடு போடுங்கள். உங்கள் பராமரிப்பில் இருக்கும் நோயாளி ஒருவருக்கே, உடம்பு இடம் கொடுக்கும் ஒரு நல்ல நாளில், வந்து பார்க்க ஆசை இருக்கலாம். அவருக்காக நடக்கும் நிகழ்ச்சியில் அவரால் நுழைய முடியாமல் போகக் கூடாது.

---

இரவுப்பணி எழுதியது:

சக்கரம், நீங்கள் சொன்னதை எங்கள் நிதிக் குழுவுக்கு அப்படியே அனுப்புகிறேன். நோயாளிகளைப் பராமரிக்கும் குடும்பத்தினருக்கும் சில டிக்கெட்டுகளை ஒதுக்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வீட்டைவிட்டு வெளியே வந்தே வெகுநாளாகியிருக்கும் அவர்களுக்கு. அந்த நேரத்தில் நோயாளியோடு இருக்க ஒரு தன்னார்வலரையும் அனுப்பினால், ஒரு பிற்பகல் முழுவதும் அவர்கள் மூச்சு விடலாம். டிக்கெட் வாங்கியும் போக முடியாதவர்கள், ‘இதைப் பராமரிப்பாளர் ஒருவருக்குக் கொடுங்கள்’ என்று அலுவலகத்தில் சொல்லிப் பாருங்கள். எங்கள் இடத்தில் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்கிறோம்.

---

நேர்கோடு எழுதியது:

திறந்தகதவு அம்மா, வசதியைக் காட்டுவதற்காக என்று நான் எழுதிய வரியைத் திரும்பப் பெறுகிறேன். உங்கள் வீட்டைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

நான் என் வழியில்தான் கொடுப்பேன்; மாதந்தோறும் ஒரு சிறு தொகை, நேராக ஹாஸ்பிஸ் கணக்குக்கு. ஆண்டுக்கொரு நிகழ்ச்சியை நம்பிச் செவிலியருக்குச் சம்பளம் போட முடியாது என்பதால் நிலையான மாத நன்கொடையின் பயன் பெரிது என்று இன்னமும் நம்புகிறேன். டிக்கெட் வாங்குகிறவர்கள் இதையும் யோசியுங்கள். ஒன்று செய்தால் மற்றது கூடாது என்று இல்லை.

---

கணக்கர் எழுதியது:

நேர்கோடு சொன்ன மாத நன்கொடையை முழுமனத்தோடு வழிமொழிகிறேன். பொருளாளராக இருந்தபோது, அடுத்த மாதம் உறுதியாக வரும் சிறு தொகையை நம்பித்தான் ஆள் நியமிக்க முடிந்தது. டிக்கெட் பணத்தை வைத்து ஒரு புதிய வாகனம் வாங்கலாம், பயிற்சி வகுப்பு நடத்தலாம். இரண்டுக்கும் தனித்தனி வேலை இருக்கிறது.

---

வைகறை எழுதியது:

இன்று ஹாஸ்பிஸ் அலுவலகத்துக்கே நேரில் போய்விட்டேன். கணக்கர் ஐயா சொன்ன மூன்று கேள்விகளையும் கேட்டேன். மேசையில் இருந்தவர் சென்ற ஆண்டின் வரவு செலவுத் தாளை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். அச்சுச் செலவு முழுவதையும் விளம்பரதாரர்களே ஏற்றிருக்கிறார்கள். பணம் பொது நிதிக்குப் போகிறது. இரவு நேர வருகைகளுக்குத்தான் அதில் பெரும்பகுதி செலவாகிறதாம். படிகளைப் பற்றி வீடு வீடாகக் கேட்டேன். இரண்டு வீடுகளில் அம்மாவால் தரைத்தளம் முழுவதையும் பார்க்க முடியும். இன்னொன்றில் தோட்டம் மட்டும், அங்கே நிழலில் நாற்காலி போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். அம்மாவுக்கு அது போதும் என்கிறார்.

மூன்று டிக்கெட் வாங்கினேன். பெயர் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் நிகழ்ச்சிக்கு முந்தைய நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். நான்காவதாக ஒன்றை ஒரு பராமரிப்பாளருக்கு என்று சொல்லிப் பணம் கட்டினேன். அவர்களுக்கு இந்த யோசனை புதிது. ஒரு உறையில் போட்டு, மேலே ‘பராமரிப்பாளருக்கு’ என்று எழுதி இழுப்பறையில் வைத்துக்கொண்டார்கள். யாருக்குப் பொருந்தும் என்று செவிலியர்களிடம் கேட்டுச் சொல்வார்களாம்.

தாழ்வாரம் அண்ணா, அன்று வீடுகளில் நிற்பதற்குத் தன்னார்வலர்கள் போதவில்லை என்று அங்கே ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. என் தங்கை பிற்பகல் முறைக்குப் பெயர் கொடுக்கலாமா என்று கேட்கிறாள். முன்னனுபவம் எதுவும் இல்லை.

---

தாழ்வாரம் எழுதியது:

கட்டாயம் கொடுக்கச் சொல்லுங்கள். அனுபவம் தேவையில்லை; காலையில் ஒரு சிறு அறிமுகக் கூட்டத்தில் எல்லாம் சொல்லித் தருவார்கள். ஓர் அறையில் நிற்க வேண்டும், வருகிறவர்களை வரவேற்க வேண்டும், யாரும் எதையும் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். காலையில் உங்களோடு சுற்றிப் பார்த்துவிட்டுப் பிற்பகலில் நிற்கலாம். வசதியான காலணி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். உட்கார நேரம் கிடைக்காது. தன்னார்வலர்களுக்குப் பல இடங்களில் டிக்கெட் இலவசம். அப்படியானால் அவளுக்கு வாங்கியதையும் அந்த உறையிலேயே போட்டுவிடலாம்.